அறுபத்தெட்டா, இருபதா?

அன்புச் சகோதரர்களே, என் நாக்கு தொலைத்த மகனை அல்லாஹ் மீட்டுக் கொடுத்த கதை இது.

1962 மார்ச். புதுக்கோட்டைக் கடைவீதியில் எனக்கு மளிகைக் கடை. மகன் ஜமால் பி.யு.சி. பௌதிகப் பரீட்சை எழுதிவிட்டு, மூன்று சிநேகிதர்களோடு நேரே கடைக்கு வந்தான். கேள்வித்தாளை அரிசி மூட்டைமேல் விரித்து, விடைகளை ஒத்துப் பார்த்தார்கள். வெந்நீரில் ஐஸைப் போட்டால் கடைசியில் எத்தனை டிகிரி என்று ஒரு கணக்கு. மூவருக்கும் அறுபத்தெட்டு. ஜமாலுக்கு இருபது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். தராசைப் பிடித்தபடியே, “அவங்க தண்ணியெல்லாம் சூடா இருக்கு, ஒன் தண்ணி மட்டும் ஆறிப் போச்சாடா? சரி, நாளைலேருந்து பொட்டலம் மடிக்க வா” என்றேன். வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். ஜமால் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்விட்டான்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கியும் வீடு வரவில்லை. பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட கெட்ட செய்திகளெல்லாம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் எவரோ ஒருவருடையது. குளத்துக்கு ஓடினேன். தண்ணீரில் கறுப்பாக ஒரு தலை. “ஜமாலு!” என்று அலறி, இடுப்பளவு இறங்கிவிட்டேன். தலை திரும்பியது. எருமை. கொம்போடு பிள்ளை பெற்ற அத்தா புதுக்கோட்டையில் நான் ஒருவன்தான்.

சிரிப்பு வரவில்லை. அங்கேயே நின்று கையேந்தினேன். “யா அல்லாஹ், மார்க்கு வேண்டாம், காலேஜ் வேண்டாம். பிள்ளையைக் கொடு.”

கரையேறினால், சிநேகிதர்களில் ஒருவனான சுந்தரம் சைக்கிளில் வருகிறான்.

“மாமா, ஒங்களை எங்கெல்லாம் தேடுறது? ஜமாலு எங்க வீட்லதான் இருக்கான். அவன் கணக்கு சரிதான் மாமா. சென்டிகிரேடுலயே நிறுத்திட்டான். நாங்க கேள்வியில கேட்டபடி அதையே பாரன்ஹீட்டுக்கு மாத்தினோம். கடைசி வரிக்கு மட்டும்தான் மார்க்கு போகும்.”

அல்ஹம்துலில்லாஹ்! அந்த நாட்களில் பழைய வீசையைப் புதுக் கிலோவாக்கி ஊருக்கே விளக்கிக்கொண்டிருந்தவன் நான். பெற்ற பிள்ளையின் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

ஜமால் தேறினான், இப்போது திருச்சியில் படிக்கிறான். அடுத்தவர் முகம் வாடும்போது நானும் வாயை மூடப் பழகிவிட்டேன். ஆனால் லீவில் சிநேகிதர்களோடு கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவன், நான் அருகில் போனால் நிறுத்திவிடுகிறான். மரியாதையாக எழுந்து நிற்கிறான். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

கேட்டவுடன் பிள்ளையைத் தந்த அல்லாஹ், அந்தப் பிள்ளையின் பேச்சையும் தருவான் என்று நம்பி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பிள்ளை பெற்றவர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். எனக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள்.