பிரம்மநாயகியின் இரண்டு கையெழுத்துகள்

என் மனைவி பிரம்மநாயகி ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தாள். இந்த 1998 மாசியில், நாற்பத்தாறு வயதில், மஞ்சள் காமாலையில் இறந்தாள். அவள் ஏன் கடைசிவரை மூன்றாம் வகுப்பு டீச்சராகவே இருந்தாள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதை முதலில் படிக்கவேண்டியவள் எங்கள் மகள் சுகிர்தா.

மீனாட்சிபுரத்தில் எங்கள் வீடு. காலையில் அவள் ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகும் திருச்செந்தூர் ரயிலுக்கு ஓடுவாள், நான் பாளையங்கோட்டை பஸ்ஸில் என் அலுவலகத்துக்குப் போவேன். பகலெல்லாம் அறுபது பிள்ளைகளோடு தொண்டை வறளக் கத்திவிட்டு வருவாள். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் பள்ளி நோட்டைத் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளித்துவிட்டு வந்து மதியம் நிம்மதியாகத் தூங்குவாள். "வேலைய வீட்டுக்குள்ள விட்டா அது கட்டில்ல ஏறிப் படுத்துக்கிடும்" என்பாள்.

அஞ்சல் வழியில் தமிழில் பி.ஏ. முடித்திருந்தாள். சம்பளமில்லா விடுப்பில் ஒரு வருஷம் வெளியூர்க் கல்லூரியில் தங்கி பி.எட். படித்துவிட்டால் உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம். பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கவேண்டும் என்பது அவளுக்கு ஆசை. அந்த ஒரு வருஷத்துக்காக இருபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள்.

தொண்ணூற்றொன்றில் என்னை ஷேர் பிடித்துக்கொண்டது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் மீரா முகைதீன் அண்ணாச்சி ஷேர் ஆபீஸ் வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து போனில் விலை வரவர, காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு கரும்பலகையில் எழுதுவார். ஒரு மணி நேர சாப்பாட்டு இடைவேளையில் போக ஆரம்பித்தேன். அது இரண்டு மணி நேரமாயிற்று. பிறகு அரை நாள் விடுப்பு. இரண்டு ரூபாய் ஏறினாலும் உள்ளங்கை வியர்க்கும், இறங்கினாலும் வியர்க்கும். லாபம்கூட எனக்கு முக்கியமாக இல்லை. அடுத்த எண் என்ன என்பதுதான் தெரியவேண்டியிருந்தது. வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் அந்தப் போன் மணி காதில் அடித்துக்கொண்டே இருக்கும்.

"வைத்தியலிங்கம், கவர்மெண்டு சம்பளம் கொடுக்கது ஆபீஸ்ல உக்காரத்தானே வே?" என்று அண்ணாச்சியே ஒருநாள் கேட்டார். "வியாபாரம் பண்ணுத எனக்கே மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்னு தோணுது. உமக்குப் பசிக்கவே செய்யாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது புதுக் கம்பெனிகளின் ஷேருக்கு வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் விண்ணப்பம் போடுவோம். பெயர் கூடக்கூட, குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். ஒரு கம்பெனிக்குக் கடைசி நாள். பாங்க் இரண்டு மணிக்கு மூடிவிடும். நாயகி பள்ளியில் இருந்தாள். அவள் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்தை நானே போட்டேன். அவள் பெயரில் நூறு ஷேர் கிடைத்தது.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் அவளுடைய இருபதாயிரத்தையும் கேட்டு வாங்கினேன். "ஜூன்ல எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னாள். சித்திரையில் சந்தை விழுந்தபோது அதில் பஸ் செலவுக்குக்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது அவள் பெயரிலிருந்த நூறு ஷேர். விற்றால் பன்னிரண்டாயிரம் வரும், மீதியைப் புரட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி ஷேரை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் படிவத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கம்பெனியிடம் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை.

"என் கையெழுத்து எப்படிங்க ஒத்துப்போகாம இருக்கும்?" என்றாள்.

சொன்னேன்.

"பாத்து எழுதுத பிள்ளைய நான் பெஞ்சு மேல ஏத்துவேன்" என்றாள்.

பாங்க் மேனேஜர் சான்று கொடுத்தால் போதும் என்றார் அண்ணாச்சி. இருவரும் போனோம். மேனேஜர் விண்ணப்பத்தின் நகலையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானா டீச்சர்?"

"ஆமா சார். அன்னைக்கு அவசரத்துல போட்டது."

அவள் முகம் சிவந்து, காதுவரை வேர்த்திருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து முறை கையெழுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டாள். அவர் சான்று கொடுத்ததும், கையெழுத்துப் போட்டுப் பார்த்த தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

பணம் வந்தது செப்டம்பரில். பி.எட். சேர்க்கை முடிந்துவிட்டது. "அடுத்த வருஷம் போறேன்" என்று பன்னிரண்டாயிரத்தையும் தன் கணக்கில் போட்டாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். டிசம்பரில் விலைகள் கொஞ்சம் அசைந்தன. விட்டதையெல்லாம் பிடித்து ஜூனுக்குள் இருபதாயிரமாக அவள் கையில் வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்காகத்தான் என்றே நான் நம்பினேன். பையிலிருந்த தாளை எடுத்து, அலுவலக மேஜையில் கோப்புகளுக்கு அடியில் வைத்து, நான்கு நாள் எழுதிப் பழகினேன். இந்த முறை அவள் கையெழுத்து சரியாக வந்தது. அவள் செக் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பொங்கலுக்குள் அந்தப் பணமும் போயிற்று.

தொண்ணூற்றுமூன்று ஜூனில் கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்காக அவள் பாங்க்குக்குப் போனாள். திரும்பி வந்து குடையைக்கூட மடக்காமல் என் முன்னால் நின்றாள்.

"செக்கைக் காட்டுனாங்க. எனக்கே வித்தியாசம் தெரியல. எத்தன நாள் எழுதிப் பாத்தீங்க?"

"நாலு நாள்."

"இது நீங்க போட்டதுதானே டீச்சர்னு அந்தக் கிளார்க் கேட்டாரு. இல்லன்னு சொன்னா உங்க வேல போயிரும். ஆமான்னுட்டு வந்தேன்." உள்ளே போகப்போனவள் நின்று, "இதுக்கு மேல எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள்.

அவள் மறுபடி பணம் சேர்க்கவும் இல்லை, படிப்பைப் பற்றிப் பேசவும் இல்லை. வீட்டுச் செலவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் எடுத்தாள். கட்டிலெல்லாம் நோட்டுகள் கிடந்தன. நான் ஷேரை விட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தொண்ணூற்றாறில் அண்ணாச்சி ஆபீஸைப் பூட்டிவிட்டு மகனோடு துபாய்க்குப் போனார். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் ஒரு மாதம்வரை அந்த மாடிப்படி ஏறி இறங்கினேன்.

நாயகியின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவளோடு வேலை பார்த்த சபீதா டீச்சர் வந்திருந்தார். சுகிர்தாவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏன் டீச்சர் படிக்கப் போகலன்னு கேட்டேன். ஒன்பதாங்கிளாஸ் படிக்குத பிள்ளய விட்டுட்டு நான் எங்க போகன்னு சிரிச்சாங்க. எல்லாம் உனக்காகத்தாம்மா."

சுகிர்தா என் பக்கம் திரும்பினாள். "என்னாலயாப்பா அம்மா படிக்கல? எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் சித்தி வீட்ல இருந்திருப்பனே" என்று சொல்லி அழுதாள்.

நாயகி எனக்காகச் சொன்ன பொய் அது. நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"விடும்மா, அழாத" என்றேன். "டீச்சருக்குக் காப்பி கொண்டா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.