ஆறப் பொறுக்கும் பட்டறை

ரப்பர் குழாயின் ஒரு முனை பட்டறை அக்காவின் காதில் செருகியிருந்தது. மறுமுனையை என் காரின் அடிவயிற்றில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் அட்டைப்பெட்டியை விரித்து மல்லாந்து படுத்திருந்ததால், வெளியே நின்ற எனக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஏதோ கேட்கலாமென்று குனிந்தேன். “கொஞ்சம் சும்மா இருங்க சார். வண்டி பேசிட்டிருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வண்டி பேசி முடித்ததும் வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதிலாக ஒரு செப்புக் கம்பி. கொண்டையில் பூ செருகுவதுபோல் ஒரு சாக்பீஸ். உடுப்புக்கு மேலே கணவரின் பழைய காக்கிச் சட்டை. அதன் மார்பிலும் கையிலும் கடுகு கடுகாகப் பொத்தல்கள், எல்லாம் வெல்டிங் பொறி பட்டு விழுந்தவை. இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘புகையக்கா பட்டறைதானே’ என்று கை காட்டிவிடுவார்கள். புகைக்குழாயைத் தவிர காரில் வேறெதையும் அவர் தொடுவதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று போனால், “அதெல்லாம் எதிர்க் கடையில கேளுங்க. நமக்குப் புகை வர்ற வழி மட்டும்தான்” என்று சொல்லிவிடுவார்.

“குழாய்ல வேற எங்கயும் ஓட்டை இல்ல. ஆனா இந்தக் கூத்தை யாரு சார் பண்ணது?”

சொன்னேன். போன மாதம் துருப்பிடித்த குழாயை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினேன். புதுக் குழாயில் ஆக்ஸிஜன் சென்சாரைத் திருகி வைக்க இடமே இல்லை. மனிதர் அசரவில்லை, சென்சாரை எடுத்துக் குழாயோடு கம்பி போட்டுக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவேயில்லை. கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. மறுநாள் காலை புகைப் பரிசோதனைக்கு வேறு போயாக வேண்டும்.

“மூக்கை அறுத்துக் கையில குடுத்துட்டு மோந்து பாருன்னா எப்படி சார்?” என்றார். சென்சாரை அவர் மூக்கு என்றுதான் சொல்வார். “புகையில எவ்வளவு காத்து மிச்சம் இருக்குன்னு இதுதான் மோந்து சொல்லணும். அதுக்கேத்த மாதிரி எஞ்சின் பெட்ரோல் ஊத்தும். மூக்கு வெளியில தொங்கினா எல்லாமே காத்துதான்னு நெனச்சுக்கிட்டு, ஊத்து ஊத்துன்னு ஊத்தும். உங்க பாக்கெட்டு காலி.”

எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. “குழாய்ல ஒரு நட்டை வெச்சு ரெண்டு பொட்டு வெல்டிங் அடிச்சா முடிஞ்சுடுமே அக்கா?” என்றேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. அவர்தான் அக்காவின் கணவர், முப்பது வருட வெல்டர். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “கேட்டியாம்மா? சாரே சொல்றாரு. அஞ்சே நிமிஷ வேலை.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாமல் போன நாளில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, குழாய் ஆறட்டும் என்று சொல்லி என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்கியது. அதன் ஜிப்பைத் திறந்து காட்டினார். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வெல்டிங் ஹோல்டர் இருந்தது. மெஷின் கம்பியிலிருந்து கழற்றிய வெறும் கைப்பிடி, அது இல்லாமல் பற்றவைக்க முடியாது.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவருடைய நெஞ்சில், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்தார்கள். இதயம் துடிக்க மறந்தால் தட்டி எழுப்பும் கருவி. வெல்டிங் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். “அந்தக் கரண்டு கிட்ட போனா மெஷின் குழம்பிடுமாம் சார். நெஞ்சு நல்லாத்தான் துடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுச் சும்மா இருந்துடுமாம்.” மூன்றாம் மாதமே மனிதர் ஒரே ஒரு பொட்டுதானே என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, கையில் பிடித்த ஹோல்டரோடு சுவரோரம் சரிந்து கிடந்தார். “டீயை எங்க போட்டேன்னே தெரியல சார். இன்னைக்கு வரைக்கும் தெரியல.” அன்று கழற்றிய ஹோல்டர், தினமும் டிபன் பாக்ஸோடு வீட்டுக்கும் பட்டறைக்கும் போய் வருகிறது.

மூலையில் தார்ப்பாய் போர்த்திய வெல்டிங் மெஷினைக் காட்டி, இதையே விற்றுவிடலாமே என்றேன். “வித்தா அவரு அன்னைக்கே படுத்துடுவாரு. மெஷினு அங்க இருக்கட்டும், கைப்பிடி எங்கிட்ட இருக்கட்டும்” என்றார் அக்கா.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இந்தப் பட்டறையில் நெருப்பு நின்று ஏறக்குறைய இரண்டு வருடமாகிறது, புகை வேலை மட்டும் நடக்கிறது. பற்றவைக்காமல் சென்சார் மாட்டும் வழியை அக்காவே தேடிப் பிடித்தார். குழாயின் வளைவுக்கேற்ப வளைந்த ஒரு எஃகுத் தகடு. அதன் நடுவில் சென்சாரைத் திருக மரையுள்ள வட்டம். கசிவை அடைக்க அடியில் ஒரு கேஸ்கட். குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க இரண்டு பட்டைகள். கடைக்காரர்கள் கிளாம்பு என்கிறார்கள். கணவர் வைத்த பெயர் பேண்டேஜ். “வைத்தியம் பார்க்கத் தெரியல, கட்டு போட்டு அனுப்புறா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அக்கா காதில் வாங்குவதில்லை.

குழாய் ஆறியதும் கொண்டையிலிருந்து சாக்பீஸை உருவி, குழாயின் மேல்பாதியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். கடிகாரமென்று வைத்துக்கொண்டால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே எங்காவது இருக்க வேண்டுமாம். “அடியில வெச்சா தண்ணி தேங்கி மூக்கு மூழ்கிடும்.” குறியில் ஒரு தட்டு தட்டிப் பள்ளம் செய்தார். முதலில் மெல்லிய துளை. பிறகு படிப்படியாகப் பருத்துக்கொண்டே போகும் துரப்பண முனையில் கிரீஸைத் தடவி, ஓட்டையைப் பெரிதாக்கினார். இரும்புத் தூளெல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தைக் காந்தம் இழுத்தது. ஓட்டையின் விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டுச் சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிசிறு இருந்தால் விரல் கிழியும். கிழியவில்லை.

கேஸ்கட், தகடு, பட்டைகள். ஒரு நட்டு மட்டும் ஏற மறுத்தது. “பாரு, மாமியார் மாதிரி முறைக்குது” என்று அதைக் கழற்றித் துடைத்து மறுபடி ஏற்றினார். சென்சாரின் மரையில் மட்டும் கொஞ்சம் பசை, மூக்கு நுனியில் ஒரு துளியும் படக் கூடாது. கையாலேயே திருகி, கடைசியில் ஸ்பானர் போட்டார். பார்க்க அழகாக இருந்தது. பிளக்கை மாட்டிவிட்டு எஞ்சினைப் போடச் சொன்னார்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். எனக்கே கேட்டது, பாம்பு சீறுவதுபோல் மெல்லிய ‘ஸ்ஸ்’. தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே புகை கசிந்தது. புகை வெளியே வரும் வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். போனால் மூக்கு மறுபடி ஏமாறும்.

“கட்டு அவுந்துடுச்சா?” என்றார் நாற்காலிக்காரர், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.

“முதல் சூட்டுல தளரத்தான் செய்யும். ஆறினதும் இன்னொரு முறுக்கு முறுக்கினா சரியாயிடும்” என்றார் அக்கா. நான் மணி பார்த்தேன். அதையும் கவனித்துவிட்டார். “ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கக் கூடாதா சார்?”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டயர் கடைக்காரர், ஒரு வண்டியின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும்படி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் வெல்டர் எழுந்தார். சுவரோரம் கிடந்த ஒரு பழைய சைலன்ஸருக்குள் முழங்கை வரை கையை விட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்தால் இன்னொரு ஹோல்டர், புத்தம் புதியது. “சார், வாசலைப் பாத்துக்குங்க. அவ வந்தா இருமுங்க” என்றார். தார்ப்பாயை விலக்கி, கம்பியில் ஹோல்டரைப் பொருத்த ஆரம்பித்தார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வெல்டிங் என்று முதலில் சொன்னவன் நான்தானே. “அண்ணே, வேணாம்ணே. எனக்கு அவசரமே இல்ல” என்றேன். பச்சைப் பொய்.

“முப்பது வருஷம் சார்.” கை வேலையில் இருந்தது, குரல் மட்டும் என்னிடம் வந்தது. “இந்தத் தெருவுல ஓடுற பாதி வண்டியில என் பத்தவைப்பு இருக்கு. ஒண்ணுகூட விட்டதில்ல. இப்ப உக்காந்து போல்ட்டு பொறுக்கிட்டிருக்கேன்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஸ்விட்ச் போர்டுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றேன். துணிச்சலால் இல்லை, கால் தானாகப் போனது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த சமயத்தில் அக்கா வந்துவிட்டார்.

தார்ப்பாய் விலகியிருந்ததைப் பார்த்தார். கணவர் கையிலிருந்ததைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். நேராகப் போய்க் காருக்கடியில் படுத்து, புறங்கையால் குழாயைத் தொட்டார். “ஆறிடுச்சு.” ஸ்பானரை எடுத்து நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று முறுக்கினார். எழுந்து வந்து, ரப்பர் குழாயின் முனையைச் சட்டையில் துடைத்துக் கணவரிடம் நீட்டினார்.

“அந்த டயர் கடை இரைச்சல்ல எனக்குக் காது அடைச்சுப் போச்சுங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க. எஞ்சின் பக்கம் மட்டும் போகாதீங்க, நெஞ்சுல இருக்குற மெஷினுக்கு ஆகாது.”

அவர் ரப்பர் குழாயையும் கையிலிருந்த ஹோல்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹோல்டரைக் கம்பியோடு மெஷின் மேல் வைத்துவிட்டு, குழாயை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு அட்டையில் படுத்தார். நான் எஞ்சினைப் போட்டேன். அக்கா டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, வண்டி பதிந்து வைத்திருந்த பழைய புகாரை அழித்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது. பத்து நிமிடம் போனது. குழாய் நன்றாகச் சூடேறியது.

“என்னங்க, சீறுதா?”

“இரும்மா, கேட்டுட்டுதானே இருக்கேன்.” இன்னும் கொஞ்சம் நேரம் போனது. ஒரு சுற்று, மறு சுற்று என்று தகட்டின் விளிம்பு முழுவதும் அவர் ரப்பர் குழாயை நகர்த்துவது தெரிந்தது. கடைசியில் பெருமூச்சு கேட்டது. “இல்ல. பிடிச்சிருக்கு.”

எஞ்சினை அணைத்தேன். அக்கா பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினார். வெல்டர் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். மெஷினருகே போய்க் கம்பியிலிருந்து புது ஹோல்டரைக் கழற்றித் துணியில் துடைத்தார். ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து, டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திப் பழைய ஹோல்டருக்குப் பக்கத்தில் அதை வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.