எட்டாவது விண்ணப்பத்தின் பதினோராம் பக்கம்

வெர்லீன் கேட்ஸ்டன் டாலிவர் கல்லூரியின் வணிகவியல் துறையில் முப்பது வருடம் செயலாளராக இருந்தார். தென் கரோலினாவின் கடலோரத் தாழ்நிலத்தில், கறுப்பினப் பிள்ளைகள் படிப்பதற்காகக் கறுப்பினத்தவரே காசு போட்டுக் கட்டிய சின்னக் கல்லூரி அது. துறைத்தலைவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் போய்விட்டார்கள். வெர்லீன் அதே நாற்காலியில் இருந்தார்.

ஐந்தாவது தலைவர் டாக்டர் ஆல்ஸ்டன் ரெம்பர்ட். தங்கமான மனிதர். ஆனால் மழை வருகிறது என்பதைச் சொல்லவே அவருக்கு நாலு வரி வேண்டும். பெண்களுக்குத் தொழில் தொடங்கக் கற்றுத்தரும் திட்டம் ஒன்றைக் கல்லூரியில் நடத்திவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. அதற்கு மானியம் கேட்டு வடக்கே இருந்த ஓர் அறக்கட்டளைக்கு வருடம் தவறாமல் விண்ணப்பம் போட்டார். அவர்களும் வருடம் தவறாமல் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் போட்டார்கள். ஏழு விண்ணப்பங்களையும் தட்டச்சு செய்தவர் வெர்லீன். ஏழு பதில்களையும் கோப்பில் போட்டு வைத்தவரும் அவர்தான்.

“இதுல ஒரு பொம்பளையையும் காணோமே, டாக்டர்?” என்று ஒருமுறை கேட்டார்.

“பெண் பங்கேற்பாளர்னு முப்பத்தாறு இடத்துல எழுதியிருக்கேனே!”

“அவங்களுக்குப் பேரு கிடையாதா? வீடு வாசல் கிடையாதா?”

“இது ஆய்வு மொழி, மிஸ் வெர்லீன்.”

“சரிதான். பதிலும் அதே மொழியிலதான் வருது.”

எட்டாவது வருடம், கடைசித் தேதியன்று காலையில் டாக்டர் ரெம்பர்ட்டின் பித்தப்பைக் கல் அவரைச் சுருட்டிப் போட்டுவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, “அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க!” என்று கத்திக்கொண்டே போனார். வெர்லீன் கணினியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பதினோராம் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ‘உங்கள் வளாகத்தில் பெண்கள் தொழில் செய்யும் சூழல் எப்படி இருக்கிறது? உதாரணத்துடன் விளக்குக’ என்பது கேள்வி.

மருத்துவமனைக்குப் போன் செய்தார். ரெம்பர்ட்டின் மனைவி எடுத்தார். “மயக்கம் தெளிஞ்சிருக்கு, ஆனா பைபிள்ல வர்ற சங்கீதம் சொல்லிட்டிருக்கார். இருபத்தி மூணாவது. அதையும் தப்பாச் சொல்றார்.”

மணி நாலு இருபது. வெர்லீன் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்.

‘எங்கள் வாகன நிறுத்தத்தின் மூன்றாம் வரிசையில், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெண் தன் காரின் டிக்கியைத் திறந்து, ரொட்டிக்கு நடுவே பொரித்த மீன் வைத்து விற்கிறாள். வளாகத்தில் எதையும் விற்கக் கூடாது என்பது விதி. காவலர் வந்தால் டிக்கியை மூடிவிட்டு டயரைச் சோதிப்பதுபோல் நிற்பாள். ஒன்பது வருடமாக அந்த டயருக்கு ஒரு குறையும் இல்லை. விடுதியின் மூன்றாம் மாடியில் ஒரு மாணவி மற்றவர்களுக்குத் தலை பின்னிவிட்டே பாடப்புத்தகம் வாங்குகிறாள். கதவில் வேதாகம வகுப்பு நடக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். இவர்களுக்குத் தொழில் செய்யக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒளியாமல் செய்யக் கற்றுத்தர வேண்டும்.’

நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பிவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் அதை மறந்தும் போனார்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. மானியம் கிடைத்துவிட்டது. டாக்டர் ரெம்பர்ட் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஆடினார். கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் ஆட்டம் நின்றது. பதினோராம் பக்கத்தில் வரும் மீன்காரப் பெண்ணை நேரில் சந்திக்க அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வருவார் என்று அதில் இருந்தது.

“பதினோராம் பக்கத்துல எந்தப் பொண்ணு?” என்றார் ரெம்பர்ட். வெர்லீன் அவசரமில்லாத ஏதோ காகிதங்களை அவசரமாக ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கல்லூரித் தலைவர் டாக்டர் ஒடெஸா கேலார்ட் கூட்டம் போட்டார். அந்த அம்மாள் நடந்துவந்தால் மரத்தில் இருக்கும் அணில்கூட நேராக உட்காரும். கூட்டத்துக்கு ரெம்பர்ட்டையும் காவல் பொறுப்பாளர் லூஷியஸ் ஃப்ரேசியரையும் வரச் சொன்னார். கூட்டக் குறிப்பு எழுத வெர்லீனை உட்கார வைத்தார்.

“மிஸ்டர் ஃப்ரேசியர், என் வளாகத்துல ஒன்பது வருஷமா ஒருத்தி மீன் விக்கிறா. யாரு அது?”

“விசாரிச்சுட்டிருக்கோம், மேடம்.”

“ஒன்பது வருஷமாவா?”

“கொஞ்சம் நுணுக்கமான விசாரணை, மேடம்.”

“உங்க டையில செவப்பா ஒட்டிட்டிருக்கே, அது என்ன?”

ஃப்ரேசியர் குனிந்து பார்த்தார். காரச் சாஸ். “தடயம், மேடம்” என்றார்.

வெர்லீன் அதையும் எழுதிக்கொண்டார். வேலை போய்விடும் என்று நினைத்தார். வேலையைவிட, இத்தனை வருடம் சம்பாதித்த நல்ல பெயர் ஒரு மீன்துண்டில் போகிறதே என்றுதான் வருந்தினார்.

ரெம்பர்ட் தொண்டையைக் கனைத்தார். “நாடகத் துறையில யாராவது ஒரு மாணவியைக் கேட்டுப் பார்க்கலாமா? ஒரு நாள்தானே…”

“பணம் தர்றவங்ககிட்ட வேஷம் போட்டுக் காட்டறதா?” என்று சீறினார் தலைவர்.

வெர்லீன் பேனாவைக் கீழே வைத்தார். “வேஷம் எதுவும் வேணாம், மேடம். அது நான்தான். எழுதினதும் நான்தான்.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த மூணாம் வரிசை என் ஜன்னலுக்கு நேர் கீழ இருக்கு, மிஸ் வெர்லீன். வெள்ளிக்கிழமையானா ஒரு வாசனை வரும். கேன்டீன்லேர்ந்துதான் வருதுன்னு நம்பி, ஒன்பது வருஷமா அங்க போய் அந்தக் கோழியைத் தின்னுட்டிருக்கேன். அந்தக் கோழியை!”

“தெரியாம போச்சு, மேடம்.”

“உங்களை மன்னிச்சுடலாம்” என்றவர், ஃப்ரேசியர் பக்கம் திரும்பினார். “இவரைத்தான் மன்னிக்க முடியல.”

அறக்கட்டளைப் பெண்மணி கொரின் ஹடாட் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். அன்றைக்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது. வெர்லீன் தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு டிக்கியைத் திறந்தார். துணியில் சுற்றி வைத்த மீன் ஆவி பறந்தது. ஆனால் ஓர் ஆளையும் காணோம். கல்லூரித் தலைவரே காரின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த பிள்ளைகள், பொறி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஓக் மரங்களுக்குப் பின்னால் பதுங்கிவிட்டார்கள். மரத்துக்கு மரம் நாலைந்து தலைகள் தெரிந்தன.

“வாடிக்கையாளர்கள் எங்கே?” என்று கேட்டார் ஹடாட்.

அப்போது ஃப்ரேசியர் சீருடைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர்போல் முன்னால் நடந்தார். “வழக்கம்போல ரெண்டு, மிஸ் வெர்லீன். சாஸ் தூக்கலா.”

அவ்வளவுதான், மரங்கள் காலியாகின. இருபது நிமிடத்தில் டிக்கியும் காலி. தலைவருக்கு எடுத்து வைத்திருந்ததை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஹடாட் பிடிவாதமாகச் சொன்னதால் வெர்லீனும் மாணவியானார். மாலை வேளைகளில், தான் பகலெல்லாம் டீ கொடுத்த அதே ரெம்பர்ட்டுக்கு முன்னால் நோட்டுப்புத்தகத்துடன் உட்கார்ந்தார். தொழிலுக்குப் போகும் நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார் ரெம்பர்ட். மீன் வாங்கப் போவது, கணவர் கிளீவ்லண்ட் உட்கார்ந்து செதில் எடுப்பது, எண்ணெய், பெட்ரோல் என்று போட்டுப் பார்த்தால், மணிக்கு மூன்று டாலர்கூடத் தேறவில்லை.

“ஒன்பது வருஷமா நான் தொழில் பண்ணல” என்றார் வெர்லீன். “அன்னதானம் பண்ணியிருக்கேன்.”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தார். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கூடப் படிக்கும் லவோன். திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு விடுகிறவள்.

“ஆன்ட்டி, இன்னொரு லாரி வாங்க பேங்க்ல கடன் கேட்டிருக்கேன். மூணு தடவை முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பதினோராம் பக்கம் மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதித் தர்றீங்களா?”

“கழிப்பறையைப் பத்தி என்னடி எழுதறது?”

“அது இல்லாத கல்யாணத்துக்கு நீங்க போனதில்ல போல.”

வெர்லீன் போயிருந்தார். அதைத்தான் எழுதினார். எந்தக் கல்யாணம், எத்தனை விருந்தாளிகள், மணப்பெண்ணின் சித்தி எந்தச் சோளக்கொல்லையை நோக்கி ஓடினார் என்பதுவரை. வங்கி மேலாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். லவோன் ஒரு உறையைக் கொண்டுவந்து வெர்லீன் கையில் திணித்தாள். அதில் இருந்த பணம் நாலு மாத மீனுக்குச் சமம்.

அன்றைக்கு வெர்லீன் வகுப்புக்காக எழுதிய மீன் தொழில் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் எழுதித் தருவதுதான் தொழில். ரெம்பர்ட் எண்பத்தெட்டு மதிப்பெண் போட்டார். வாக்கியங்கள் சின்னதாக இருப்பதாகச் சொல்லிப் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டார்.

முப்பதாவது வருடம் முடிந்ததும் வெர்லீன் வேலையை விட்டார். சலவைக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, பெயர்ப்பலகை மாட்டினார். முதலில் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் புதுக் குழாய் கேட்டு வந்தார்கள். அப்புறம் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய கூரைக்கு எழுதிய விண்ணப்பம் பலித்துப் புதுத் தகடும் ஏறியபின், வெர்லீனின் சொந்த மெதடிஸ்ட் சபைப் போதகர் ஒரு செவ்வாய்க்கிழமை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“சிஸ்டர் கேட்ஸ்டன், அவங்க கூரைக்கு நீங்கதான் எழுதினீங்களாமே?”

“ஆமா, பாஸ்டர்.”

“நம்ம கூரையும் ஒழுகுதே!”

“தெரியும். மூணு வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஜெபம் பண்ணுவோம்னீங்க.”

“பண்ணினேனே.”

“அதான் உங்களை இங்க அனுப்பியிருக்கு. உக்காருங்க. உங்களுக்கு முன்னால ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் இருக்கு.”

போதகர் சுவரோரமாக இருந்த கன்னியாஸ்திரியைப் பார்த்தார். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.