லைட்டைத் திறந்தவரும் போட்டவரும்

ஒன்பது வயதில் எனக்கு இரண்டு மாணவிகள் இருந்தார்கள். ஒருவர் அம்மா. மற்றவர், கனடாவில் எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்ரில் மூன்று மாடி கீழே இருந்த சீன அன்ரி. இருவருக்கும் ஒரே ஆங்கில வகுப்பு. அங்கே அன்ரிக்கு அம்மாவை விட்டால் பேச ஆளில்லை. அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பஸ்ஸில்கூட ஏறமாட்டார். பள்ளி விட்டு வந்ததும் எங்கள் குசினி மேசையில் நான்தான் ரீச்சர். என் பவுசைச் சொல்லி மாளாது.

இருவரையும் மேல்வகுப்புக்கு ஏற்றியே தீருவதென்று கங்கணம் கட்டியிருந்தேன். குறுக்கே நின்றது ஒரேயொரு வினைச்சொல். சீன மொழியில் லைட்டைத் திறப்பார்களாம். அதனால் அன்ரி, "ஓப்பின் த லைட்" என்பார். நாங்கள் லைட்டைப் போடுகிறவர்கள். அம்மா, "புட் த லைட்" என்பார். "ரேர்ன் ஒன்தான் சரி!" என்று நான் அகப்பைக் காம்பால் மேசையில் தட்டுவேன். சுவிட்சைப் போட்டும் அணைத்தும் காட்டியதில் ஒருநாள் பல்பே போய்விட்டது. இருட்டில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேல்வகுப்புச் சோதனையன்று எனக்குப் பள்ளி இல்லை. அவர்கள் வகுப்பின் பின்வரிசையில் இருந்தேன். அறை இருட்டாக இருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று வகுப்பு ரீச்சர் கேட்டார்.

"ஓப்பின் த லைட்" என்றார் அன்ரி. சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. அம்மாவாவது என் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

அம்மா எழுந்தார். அன்ரியை ஒருதரம் பார்த்தார். பிறகு கணீரென்று, "புட் த லைட்" என்றார்.

இருவரும் அதே வகுப்பிலேயே நின்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஓப்பின்!" "புட்!" என்று மாறி மாறிச் சொல்லி ஒரே சிரிப்பு. பெயிலானவர்களுக்கு அப்படி என்ன கொண்டாட்டம் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, கோபத்தில் ரீவியை அலறவிட்டேன்.

"ரேர்ன் ஒஃப் த ரீவி, பிள்ளை. சாப்பிட வா."

"இப்ப மட்டும் சரியாச் சொல்லுறியள்! அங்க ஏனம்மா மறந்தனீங்கள்?"

"ஓமடி ரீச்சர், மறந்துபோட்டன்" என்று அம்மா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு முட்டைப்பொரியல் வைத்தார்.

அடுத்த சோதனையில் இருவரும் ஒன்றாகவே தேறினார்கள். எல்லாம் என் படிப்பித்தலின் மகிமை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.