கண்டக்டர் எழுதிய கடல் கதை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் தாண்டவராயன் கண்டக்டராக இருந்த எண்பத்திரண்டாம் வருஷம், அவர் சட்டைப் பையில் சில்லறையைவிடக் காகிதம்தான் அதிகம். எல்லாம் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்த சரித்திரத் தொடர்கதைகள். விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பத்துப் பிள்ளை. கடல் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் பட்டதில்லை. அந்த மனுஷனுக்குத்தான் கப்பல் பைத்தியம். ‘பருமல்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். சொன்னால் யார் நம்புவார்கள்?

மீன் கூடையைக் கண்டாலே மற்ற கண்டக்டர்கள் விசிலடித்து வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இவர் நிறுத்துவார். ஏறுகிற மீன்காரி டிக்கெட்டோடு ஒரு சொல்லுக்குப் பொருளும் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். அதிகம் சொன்னவள் சவுரியம்மாள்.

“பருமல்னா இன்னா யக்கா?”

“பாயக் கட்டற குறுக்குக் கழி. இதுக்கா பொஸ்தகம் படிக்கிறீங்க கண்டக்டரே?”

“மீகாமன்?”

“அப்பிடி எவனும் எங்க குப்பத்துல இல்ல.” கப்பல் ஓட்டுபவனுக்கு அந்தப் பெயர் தொடர்கதையில் மட்டும்தான் போலிருக்கிறது.

மீன் நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்த, மீன்காரிகள் உட்காரும் அந்தக் கடைசி சீட்டை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கண் நிறைந்துவிடும்.

ஒரு பத்திரிகை சரித்திரக் கதைப் போட்டி வைத்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று இவரும் உட்கார்ந்தார். புயலில் மாட்டினால் என்ன செய்வார்கள் என்று சவுரியம்மாளைக் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாயை இறக்குவார்கள், அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, அலைக்கு நேராகப் பிடிப்பார்கள், பருமல் முறிந்தால் அதையே கட்டிக்கொண்டு மிதப்பார்கள். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். கதையில் மாலுமி மூழ்கிப் போனான். எழுதியவருக்கே அழுகை வந்தது, பெருமையும் வந்தது.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் பூமாலை என்ற இன்னொரு மீன்காரி விஷயத்தைச் சொன்னாள். சவுரியம்மாளின் புருஷன் கார்த்திகைப் புயலில் போய் நாலு வருஷம் ஆகிறது. கூடப் போய்த் தப்பி வந்தவன் சொன்னதைத்தான் அவள் இவருக்குச் சொல்லியிருக்கிறாள். உடல் கரை ஒதுங்கவில்லை. அதனால் அவள் தாலியைக் கழற்றவில்லை.

தாண்டவராயனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சவுரியம்மாள் வண்டியில் ஏறியதும் அவளிடம் போய் நின்றார்.

“தெரியாம கேட்டுட்டேன் யக்கா. அந்தக் கதைய நான் அனுப்பல.”

“கஷ்டப்பட்டு எழுதிக்கினு அனுப்பாம இன்னா? அனுப்புங்க. அந்த ஆள மட்டும் கரையில சேத்துடுங்க.”

லீவு போட்டு முடிவை மாற்றி எழுதி அனுப்பினார். ஒரு மாதத்தில் கதை திரும்பி வந்தது, ஒரு குறிப்போடு. ‘புயல் காட்சி பிரமாதம். மாலுமி உயிரோடு திரும்புவதுதான் நம்பும்படியாக இல்லை.’

மறுநாள் சவுரியம்மாள் கேட்டாள். “கத இன்னா ஆச்சு?”

“எடுத்துக்கல யக்கா. முடிவு சரியில்லயாம்.”

அவள் கூடையைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அவங்களுக்கு இன்னா தெரியும் கண்டக்டரே. நாலு வருஷம்தான ஆவுது.”