வட்டத் துண்டும் வாத்துகளும்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குப் பொம்மை வாங்கப் போயிருந்தேன். அங்கே வேலை பார்த்த ஓர் அம்மாவின் முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. சுடாத வாத்துப் பொம்மைகள் நிறைந்த பலகைமேல் அவர் ஈரத்துண்டு ஒன்றை விரித்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் விரித்து உட்காருகிற வட்டத் துண்டு அது. வாட்டர்கலர் ஓவியம்போல ஒரு பாதியில் அலை, மறுபாதியில் தாமரை இலை.

“இவ்வளவு அழகான துண்டை மண்ணுமேல போடுறீங்களே” என்றேன்.

“பாண்டிச்சேரிலேருந்து மவ வாங்கியாந்தா. ஈரத்துணி மூடலன்னா சீக்கிரம் காஞ்சி வெடிப்பு விட்டுடும்ங்க.”

பிறகு விளிம்பைப் பிடித்துத் துண்டை மெதுவாக அரைவட்டம் திருப்பினார். “நேத்து இதுங்களுக்கு எலை. இன்னிக்கு கடலு வரட்டும்.”

ஒரு வாத்தின் முதுகில் சாயம் இறங்கி நீலம் படிந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

“சூளையில போயிடும்ங்க. அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்.”

பத்து நாள் கழித்துப் போய் அந்த வாத்தையே கேட்டேன். சூளையிலிருந்து வந்த எல்லாமே ஒரே வெள்ளை. அவர் யோசிக்காமல் ஒன்றை எடுத்துத் தந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அது என் ஜன்னலோரம் இருக்கிறது. காலையில் அதன் முதுகைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் மற்ற பொம்மைகளைவிடக் கொஞ்சம் ஈரமாக இருப்பதுபோலவே படுகிறது.