கெய்ஸ்பெர்ட்டின் சதுப்பு மரங்கள்

நெதர்லாந்தில் நாற்றுப் பண்ணைகளுக்குப் பேர்போன பொஸ்கோப்பில் பிறந்தவனுக்குச் செடி வளர்க்கச் சொல்லித்தர வேண்டாம் என்பார்கள். சொன்னவர்கள் கெய்ஸ்பெர்ட்டைப் பார்த்ததில்லை.

செடிகளின் லத்தீன் பெயருக்கு ஒரு வால் உண்டு. அந்தச் செடி எந்த மண்ணுக்காரி என்று அந்த வால் சொல்லும். வயலில் முளைத்தால் அர்வென்சிஸ், மலையில் முளைத்தால் மோன்டானா, சதுப்பில் முளைத்தால் பலூஸ்ட்ரிஸ். அப்படிக் கொஞ்சம் வால்களைக் கெய்ஸ்பெர்ட் மனப்பாடம் செய்துவிட்டான். அன்றோடு மண்ணில் கைவைத்துப் பார்ப்பதை விட்டான். வாயில்தான் எல்லா வேலையும் நடந்தது.

மனிதர்களுக்கும் வால் ஒட்டினான். மாமியார் ருபெஸ்ட்ரிஸ், பாறையில் முளைத்தவள். மைத்துனன் தேயுனிஸ் ருடெராலிஸ், குப்பைமேட்டில் முளைத்தவன். ஞாயிற்றுக்கிழமை காபி வேளையில் இதைச் சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

"நீங்க எதுல முளைச்சீங்க மாப்ளே, நாற்காலியிலயா?" என்பாள் மாமியார்.

மனைவி ஆஃப்கேவுக்கு அவள் அப்பா கொடுத்த நிலத்துண்டு ஒன்று இருந்தது. இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் நாக்கு மாதிரி நீண்ட கரிமண். அதில் நின்ற அசேலியாப் பூஞ்செடிகள்தான் அந்த வீட்டின் ரொட்டியும் வெண்ணெயும். கெய்ஸ்பெர்ட்டின் கண் அங்கே போனது. அமெரிக்காவிலிருந்து பைன் நாற்று வந்திருக்கிறது, அதன் வால் பலூஸ்ட்ரிஸ் என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு நிலைகொள்ளவில்லை.

"சதுப்பு மரம் ஆஃப்கே. நம்ம மண்ணுக்குன்னே பொறந்தது. இந்த ஊர்ல எவன்கிட்டயும் இல்ல."

"அசேலியாவ எடுத்துட்டா எதைத் திங்கிறது, கெய்ஸ்? இன்னொரு தடவ அது இந்த அளவு வர எத்தன வருஷம் ஆகும்னு தெரியுமில்ல?"

"பேர்லயே எழுதியிருக்கே, அப்புறம் என்ன பயம்?"

சொல்லிச் சொல்லி அவளைக் கரைத்தான். அசேலியா வேரோடு படகில் ஏறி விலைக்குப் போனது. பைன் இறங்கியது. அதோடு நின்றானா? சதுப்புப் பிள்ளைக்குத் தாகம் எடுக்குமாம், கரையைச் சீவித் தண்ணீர் உள்ளே ஊறும்படி செய்தான்.

அந்த மரம் சின்ன வயதில் மரம் மாதிரியே இருக்காது. தரையோடு ஒரு புல்லுக்கட்டு, அவ்வளவுதான். தேயுனிஸ் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான்.

"மச்சான், எப்ப மாடு வாங்கப் போறீங்க?"

"உனக்கு எங்கேர்ந்துடா புரியும்."

குளிர்காலம் போனது. புல்லுக்கட்டுகள் பழுப்பாயின. கெய்ஸ்பெர்ட் இன்னும் கொஞ்சம் கரையைச் சீவினான். ஆஃப்கே ஒன்றைப் பிடித்து இழுத்தாள். பிடித்த பிடியிலேயே வந்துவிட்டது. வேர் அழுகி, கெட்ட முட்டை நாற்றம்.

வசந்தத்தில் விதை வியாபாரி ஒருவர் வந்தார். நின்று பார்த்தார்.

"இதைப் போய் ஏன் தண்ணில போட்டீங்க? இது காஞ்ச மணல்ல நிக்கிற மரமாச்சே."

"பலூஸ்ட்ரிஸ்ங்க."

"பேரு வச்ச ஆளு மழை வெள்ளம் தேங்குன சமயத்துல போய்ப் பாத்திருப்பாரு. மரம் என்ன பண்ணும்?"

கெய்ஸ்பெர்ட் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவன் கெய்ஸ்பெர்ட் இல்லையே. "அப்ப இந்த நாத்துதான் கலப்படம்," என்றான்.

ஆஃப்கே ஒரு மரப்பலகையை எடுத்தாள். அதைக் குறுக்கே போட்டு வாய்க்காலைத் தாண்டி அண்ணனிடம் போனாள்.

"துண்ட நீயே பயிர் பண்ணுண்ணே. விளையிறதுல எனக்குப் பாதி குடு."

"மச்சான் என்ன சொல்வாரு?"

"அது அப்பா எனக்குக் குடுத்த மண்ணு. உன் மச்சான் என்ன வேணா சொல்லட்டும்."

தேயுனிஸ் முதல் வேலையாகக் கரையை உயர்த்த ஆள் தேடினான். கூலிக்கு வந்தவன் கெய்ஸ்பெர்ட். வேறு யார் அவனை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? இடுப்பளவு சேற்றில் நின்று, தான் சீவிய கரைக்குத் தானே மண் அள்ளிப் போட்டான். படகில் போகிறவர்கள் கேட்டால் மட்டும், பெயரில் பிழையில்லை, மரம்தான் சரியில்லை என்று நிமிர்ந்து சொல்வான். தேயுனிஸ் கரைமேலிருந்து, "பேசிக்கிட்டே போடுங்க மச்சான், கை நிக்குது பாருங்க," என்பான்.